திறந்து கிடந்த டப்பா

பால் கறந்து முடித்துக் கெர்பன் தொழுவத்தை விட்டு வெளியே வந்தபோது மழை குறுக்குவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. வடகோடிக் கடலோரத்து ஃப்ரீஸ்லாந்தில் மார்ச் மாதத்து மழை மேலேயிருந்து விழுகிற வழக்கமில்லை. கடலணையைத் தாண்டி வருகிற காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து ஆளின் காதுக்குள் ஊற்றும். களிமண் வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. மண் இறுகிப் புல் தலை காட்டி மாடுகளை வெளியே விடுகிற வரைக்கும், உள்ளே அடைந்து கிடப்பவற்றுக்குத் தீனி தள்ளுவதும் சாணி வழிப்பதுமாக முதுகு கழன்றுவிடும்.

பக்கத்துப் பண்ணை ரின்சே ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்றான். அந்த வாரம் பகல் வேலையையும் சாயங்காலக் கறவையையும் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டவன். எங்கே போகிறீர்கள், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதுதான் எங்கள் ஊரில் மரியாதை. தலைச்சூல் கிடாரிக்கு மடி இறங்கியிருக்கிறது, இந்த வாரமே ஈன்றாலும் ஈன்றுவிடும், ஒரு கண் வைத்துக்கொள் என்று கெர்பன் சொன்னான். ரின்சே தலையாட்டினான். கெர்பன் நாலடி போன பிறகு, "மாரித்த நான் கேட்டேன்னு சொல்லு," என்றான். அதைச் சொல்வதற்குள் அவன் முகம் சிவந்துவிட்டது.

உள்ளே அடுக்களையில் வழக்கமான யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மகள் மாரித்துக்குப் பதினாறு வயது. போன வருஷம் வரைக்கும் கன்றுகளுக்குப் பால் வாளியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடியவள். அந்தத் தலைச்சூல் கிடாரியே அவள் கைவளர்ப்புதான். இப்போது மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறாள், அடுப்படிச் சூட்டிலும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு நடுங்குகிறாள். அவள் முன்னால் ஒரு ரொட்டித் துண்டு கிடந்தது. எதிரே அம்மா ஹிஸ்கே முதலில் கெஞ்சி, அப்புறம் அதட்டி, அப்புறம் வாயை மூடிக்கொண்டு கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கெர்பன் மேஜையைப் பார்த்தான். இந்த ஒரு வருஷமாக அவன் கண்டுபிடித்து வைத்திருந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், மாடு. தட்டு வந்து மகளின் முகம் இறுகியது என்றால் ஏதாவது ஒரு மாட்டுக்கு உடனே உடம்புக்கு வந்துவிடும். ஹிஸ்கே ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சொல்லியே விட்டாள். "உன் மாடுங்க எல்லாம் சாப்பாட்டு நேரமாப் பாத்துதான் நோவுல விழுது, கெர்பன்." அவனுக்கு அது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரித்தான் இருந்தது. இருந்தும் அன்றைக்கும் எழுந்து தொழுவத்துக்குத்தான் போனான். கையை விட்டு வெளியே இழுக்க முடிந்ததை இழுப்பான், கட்டுப்போட முடிந்ததற்குக் கட்டுப்போடுவான். பெற்ற மகள் ஒரு ரொட்டித் துண்டைப் பார்த்து அழுதால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

டாக்டர் பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. லேவார்டனில் ஒரு மையத்தில் சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிற இதே நோய் வந்த பிள்ளைகளையும் அவர்கள் வீட்டாரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு வாரம் நடத்துகிறார்கள், போய் வாருங்கள். வீட்டுக்கு வந்த அடுத்த திங்கட்கிழமை எடை பார்ப்பேன். இன்னும் இறங்கியிருந்தால் தெற்கே பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலும் மூக்கில் குழாயும்தான், அதற்குப் பிறகு எத்தனை மாதம் என்று என்னைக் கேட்காதீர்கள். மாரித் அதைக் கேட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கெர்பனுக்கு மட்டும் அந்தக் குழாய் அன்றையிலிருந்து கண்ணை விட்டுப் போகவில்லை.

மையத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பிறந்தநாள் வீடு மாதிரியே இருந்தது. பிறந்தநாளுக்கு இங்கே வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு துண்டு கேக்கும் ஒரு காபியும் தருவார்கள். ஒருவர் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டிவிட்டால் அடுத்த பிறந்தநாள் வரைக்கும் பேச அது போதும். ஆறு குடும்பங்கள் வந்திருந்தன. எல்லாப் பிள்ளைகளும் பெரிய சட்டைக்குள் ஒளிந்திருந்தார்கள். எல்லாப் பெற்றோர் முகத்திலும் தூக்கம் கெட்ட ஒரே களைப்பு. நடத்துகிறவள் அன்னமீக் என்ற நரைத்த தலைக்காரி. அதட்டவும் மாட்டாள், ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டவும் மாட்டாள்.

பத்து மணிக் காபிக்கு வீட்டுக்கொரு தின்பண்டம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஹிஸ்கே கப்பல் படம் போட்ட நீல டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே கட்டைவிரல் நீளத்துக்குச் சோம்பும் கொட்டைத் துண்டும் போட்டுச் சுட்ட மொறுமொறு பிஸ்கட். அவள் கைப்பக்குவத்துக்கு ஊரில் பெயர் உண்டு. டப்பா ஒரு சுற்று வந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள், பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். சுற்று முடிந்ததும் ஹிஸ்கே மூடியைப் போட்டு அழுத்தினாள். டப் என்று சத்தம் வந்தது. டப்பா நாற்காலிக்கு அடியில் போய்விட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பெயர் நெட்டி. தெற்கே லிம்பர்க் பக்கத்தில் பிறந்து கல்யாணமாகி வடக்கே வந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். அவளும் மகள் வேர்லேயும்தான். "ஏம்மா, டப்பாவுக்குக் குளிருதாக்கும்? அதுக்குள்ள மூடிட்டியே," என்று அவர்கள் ஊர் இழுவையில் கேட்டாள். வட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டு டப்பாவும் அப்படித்தான் மூடுகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஹிஸ்கேவுக்குப் புரியவில்லை. தெற்கத்தி ஆட்களுக்குக் கையும் ஓட்டை, வாயும் ஓட்டை என்று வீட்டுக்குப் போகும்போது காரில் சொன்னாள்.

நாட்கள் இழுத்துக்கொண்டு போயின. இருட்டோடு எழுந்து கறந்து, கார் ஓட்டி, உட்கார்ந்து, பேசி, அழுகிறவர்களைப் பார்த்து, திரும்பக் கார் ஓட்டி வருவது. உழைப்பு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் வைக்கோல் கட்டு ஏற்றின நாளில்கூடக் கெர்பன் இப்படிக் களைத்ததில்லை. ஒரு மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கி விழுந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை. மதியச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேஜையில். ஒவ்வொரு தட்டும் காலியாக ஒரு யுகம் ஆகும். அதற்குள் ஒரு பிள்ளை கத்தும், ஒரு தகப்பன் எழுந்து வெளியே போவான். மாரித் கத்தவில்லை. ரொட்டியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, வரிசையாக அடுக்கி, கடைசியில் முக்கால்வாசியைத் தட்டிலேயே விட்டாள். அப்போதெல்லாம் கெர்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ரின்சே இந்நேரம் தீனி தள்ளியிருப்பானா என்று நினைத்துக்கொள்வான்.

வியாழக்கிழமை அன்னமீக் ஆட்களை மாற்றி உட்காரவைத்தாள். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு வீட்டுப் பெற்றோர் சாப்பாடு கொடுக்க வேண்டும். வேர்லே, கெர்பனுக்கும் ஹிஸ்கேவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். மாரித் அறையின் அந்தக் கோடியில் நெட்டியிடம் போனாள்.

வேர்லே கெட்டிக்காரி. கெர்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ரொட்டி ஓரம் அவள் சட்டைக் கைக்குள் போய்விட்டது. மாரித் அப்படிச் செய்தபோதெல்லாம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறான். இப்போது, "கைக்குள்ள இருக்கறத எடுத்து வைம்மா," என்று சாதாரணமாகச் சொன்னான். அவள் முறைத்தாள். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான், எழுந்து போக அங்கே மாடும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ரொட்டி ஓரம் வெளியே வந்தது. அவள் அழுதுகொண்டே அதைத் தின்றாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த எத்தனையோ மத்தியானங்கள் கெர்பனுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது.

ஹிஸ்கேயின் கண் எல்லாம் அந்தக் கோடியில் இருந்தது. ரொட்டி முடிந்த பிறகு நெட்டி ஒரு பெரிய தட்டை மேஜை நடுவில் வைத்தாள். செர்ரிப் பழம் நிரப்பிச் சுட்டு எடுத்த வட்டக் கேக், அவர்கள் ஊரில் எந்தக் காரியத்துக்கும் அது வேண்டும். மாரித்துக்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு. அதோடு அவள் பாட்டுக்குக் கூரை ஒழுகுகிற கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மாரித்தைப் பார்க்கவே இல்லை. மாரித் முள்கரண்டியை எடுத்தாள், வைத்தாள், அழுதாள். நெட்டி கூரைக்காரனைத் திட்டி முடித்து, தன் தட்டில் இரண்டாவது துண்டை வெட்டிப் போட்டுக்கொண்டாள். அன்னமீக் இரண்டு தரம் மணியைப் பார்த்தாள். கடைசியில் மாரித்தின் துண்டு தீர்ந்தது. தட்டில் சாறு மட்டும் சிவப்பாக இருந்தது. ஹிஸ்கேயின் முகத்தில் ஈயாடவில்லை. மகள் சாப்பிட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தை விட, வேறொருத்தி கையால் சாப்பிட்டாள் என்பதுதான் முதலில் போய்த் தைத்தது.

பிறகு வட்டத்தில் அன்னமீக் பிள்ளைகளைக் கேட்டாள், அந்த மேஜையில் என்ன வித்தியாசமாக இருந்தது என்று. மாரித் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்க யாரும் மூடல," என்றாள்.

எதை என்று அன்னமீக் கேட்டாள்.

"அந்தக் கேக்கத்தான். அது பாட்டுக்கு நடுவுல இருந்துச்சு, யாரும் எடுத்து உள்ள வைக்கல. எங்க வீட்டுல ஒண்ணு எடுத்ததும் அம்மா மூடிருவாங்க. டப்புனு சத்தம் கேக்கும். அது கேட்டா எனக்கு அப்பாடான்னு இருக்கும், முடிஞ்சிதுன்னு. ஒண்ணே ஒண்ணு எடுக்கறவ நல்ல பொண்ணுன்னா, ஒண்ணும் எடுக்காதவ அதவிட நல்லவதான?"

"எங்கம்மாவும் அப்படித்தான் மூடினாங்க," என்றாள் ஹிஸ்கே. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஊரே மூடுது. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"மாமா பொறந்தநாள்ல நான் கேக்கே வேணாம்னேன். அன்னிக்கு எல்லார்கிட்டயும் அம்மாதான் சொன்னாங்க, எம் பொண்ணுக்கு எதுலயும் ஆசையே கிடையாதுன்னு."

ஹிஸ்கே அப்படிச் சொன்னது வாஸ்தவம்தான். சொன்னபோது அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பது கெர்பனுக்கு ஞாபகம் இருந்தது. அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிற ஊரில் பெண்பிள்ளையைப் பற்றி அதைவிட நல்ல சொல் கிடையாது.

"மூடியால வந்த நோய் இல்ல இது," என்றாள் அன்னமீக். "யாரால வந்துச்சுன்னு இங்க நாங்க தேடறதும் இல்ல. ஆனா இந்த நோய் கையில கெடைக்கிறத எல்லாம் எடுத்து வச்சுக்கும். எடுத்துக்கிட்டத நாம ஒண்ணொண்ணா திரும்ப வாங்கணும். அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமையோடு மையம் முடிந்தது. எல்லாரும் கைகொடுத்துப் பிரிந்தார்கள். நெட்டி மட்டும் ஹிஸ்கேயைக் கட்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கட்டிக்கொண்டால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. ஹிஸ்கே விறைத்து நின்றாள். தன் வீட்டில் வேர்லே இந்த வாரம் முழுக்க ஒரு கேக் துண்டுகூடத் தொடவில்லை என்று நெட்டி அவள் காதில் சொன்னாள். "எம் பொண்ணு உன் புருஷன் சொன்னா திங்கிறா, உன் பொண்ணு நான் குடுத்தா திங்கிறா. நம்மள வச்சு இதுங்க என்னதான் பண்ணுதுங்க, சொல்லு." அதைக் கேட்ட பிறகுதான் ஹிஸ்கே கையைத் தூக்கி அவள் முதுகில் வைத்தாள்.

அன்று மாலை காபிக்கு நீல டப்பா மேஜைக்கு வந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். மாரித் தன்னுடையதைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஹிஸ்கேயின் கை அது பாட்டுக்கு மூடிக்குப் போனது. கெர்பன் மூடியை அவள் கையிலிருந்து வாங்கினான். எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"எந்திரி, கெர்பன்."

"மாட்டேன்."

"நமுத்துப் போயிரும்."

"போகட்டும்."

மாரித் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, வரவில்லை. பிஸ்கட்டில் ஒரு நுனியைக் கடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். டப்பா திறந்தபடியே கிடந்தது.

சனிக்கிழமையும் திறந்தே கிடந்தது. மூடி கெர்பனின் நாற்காலியை விட்டு நகரவில்லை. மழையோடு வந்த ஈரக்காற்று வீடெல்லாம் புகுந்துகொண்டிருந்தது. ஹிஸ்கே அடுக்களைக்குள் வரும்போதெல்லாம் டப்பாவைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நடுவீட்டில் ஆடு புகுந்து மேய்வதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. எடுத்து எறியலாம் என்றால் சுட்ட பிஸ்கட்டை எறிகிற பழக்கம் அவள் வம்சத்திலேயே கிடையாது. அன்று மூன்று வேளையும் கெர்பன் மேஜையை விட்டு அசையவில்லை. தட்டில் வைத்ததை முடிக்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை என்று மட்டும் சொன்னான். மாரித் அவனைக் கல்நெஞ்சன் என்றாள். தன்னைக் கொழுக்க வைக்கப் பார்க்கிறான், கன்றுக்குட்டி என்று நினைத்துக்கொண்டான் என்றாள். காலையில் வைத்த ரொட்டி மத்தியானத்துக்குத்தான் தீர்ந்தது. அதற்குள் மத்தியான ரொட்டிக்கு நேரமாகிவிட்டது. மூவரும் அடிபட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அப்படியும் ராத்திரிச் சாப்பாட்டில் பாதி மிஞ்சியது. அதை நாய்க்குப் போடும்போது ஹிஸ்கே, "திங்கக்கிழமைக்குள்ள என்னத்த ஏறப்போவுது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து காபி வைத்தார்கள். கெர்பன் டப்பாவிலிருந்து ஒன்று எடுத்துத் தின்றான். பிறகு இரண்டாவதை எடுத்தான். ஹிஸ்கேயைப் பார்த்தான். அவளும் ஒன்று தின்று, காதெல்லாம் சிவக்க இரண்டாவதுக்குக் கை நீட்டினாள். தன் வீட்டில் தான் சுட்டதைத் திருடித் தின்கிற மாதிரி அவசரமாக மென்றாள். மாரித்தின் தட்டில் கெர்பன் இரண்டு வைத்தான்.

"ரெண்டா?"

"எல்லாருக்கும் ரெண்டு."

அப்போது ஜன்னலில் தட்டுகிற சத்தம் கேட்டது. ரின்சே நின்றான், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொழுவத்தைச் சும்மா எட்டிப் பார்க்கப் போனவன் ஓடி வந்திருக்கிறான். கிடாரிக்கு வலி எடுத்துவிட்டது, கன்றின் ஒரு கால்தான் வெளியே தெரிகிறது, இன்னொன்று மடங்கிக்கொண்டிருக்கிறது என்றான். கெர்பன் பாதி எழுந்துவிட்டான். உள்ளே கையை விட்டு அந்தக் காலை நிமிர்த்தி எடுப்பது அவனுக்குப் பழகின வேலை. அது மாரித் விரலைச் சப்பிப் பால் குடிக்கக் கற்றுக்கொண்ட கிடாரி. போய்விட்டு உடனே வந்துவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. இந்த ஒரு வருஷமும் அது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்பா போகட்டும்," என்றாள் மாரித். தட்டைக் கொஞ்சம் தள்ளியும் வைத்துவிட்டாள். "அது செத்துரும்."

கெர்பன் உட்கார்ந்தான். மூடி அவன் அடியில் நெளிந்து சத்தம் போட்டது. "மாட்டு டாக்டரக் கூப்புடு, ரின்சே. அவரு வர்ற வரைக்கும் நீ பாரு," என்றான். "நான் வர முடியாது. நாங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்."

ரின்சே ஜன்னலுக்குள் பார்த்தான். மூன்று பேர், ஒரு டப்பா, ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையாட்டிவிட்டு ஓடினான்.

தட்டைக் கெர்பன் திரும்ப மகளின் பக்கம் தள்ளினான். தட்டின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. மாரித் அந்தக் கையைப் பார்த்தாள். தொழுவத்திலிருந்து கிடாரி கத்துகிற சத்தம் வந்தது. முகத்தை இறுக்கிக்கொண்டு முதல் பிஸ்கட்டைக் கடித்தாள். அழுதாள், திட்டினாள், கடித்தாள். காபி ஆறி ஏடு கட்டியது. முற்றத்தில் மாட்டு டாக்டரின் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தவள் பாதி கடித்து மென்றாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு முகத்தைச் சுளித்தாள். ஹிஸ்கே நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள்.

"நமுத்துப் போச்சு," என்றாள் மாரித்.

ஒரு வருஷமாக அந்த மேஜையில் சாப்பாட்டைப் பற்றி அவள் பேசியதெல்லாம் எவ்வளவு, எதற்கு, வேண்டாம் என்பதுதான். ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்று நன்றாக இல்லை என்று அவள் வாயால் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. நாளைக்கு எடை என்ன காட்டும் என்று மூவருக்கும் தெரியாது. தொழுவத்தில் என்ன ஆயிற்று என்றும் தெரியாது. மாரித் மீதிப் பாதியை ஒரு தரம் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆமா, நமுத்துதான் போச்சு," என்று கெர்பன் இன்னொன்றை எடுத்தான்.

"நாந்தான் அன்னிக்கே சொன்னேனே," என்றாள் ஹிஸ்கே. புறங்கையால் மூக்கைத் துடைத்தபடியே டப்பாவை மேஜை நடுவுக்குத் தள்ளிவைத்தாள்.